கட்டிய கடனுக்கு ஒரு ரிமார்க்

1

போன பிப்ரவரியில் அப்பா இறந்த நாளுக்கான ஆண்டு பூசையைப் பற்றித் தம்பி சார்லஸோடு பேசிக்கொண்டிருந்தேன். அவன் ராயபுரத்தில். நான் நியூ ஜெர்சியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "பூசைக்கு பேர் குட்த்துட்டேன்க்கா, காலைல ஆறு மணி" என்று அவன் சொல்லும்போதே நடுவில் இன்னொரு அழைப்பு வந்தது. தெரியாத எண்ணை நான் எடுப்பதே இல்லை. அன்றைக்கு விரல் தவறிப் பட்டுவிட்டது.

மிகவும் மரியாதையான குரல். என் முழுப்பெயரைச் சொன்னார். பிறகு, நான்தான் பிலோமினா என்று உறுதி செய்துகொள்ள என் பிறந்த தேதி வேண்டும் என்றார்.

"நீங்கள் யார்? என்ன விஷயம்?" என்றேன் என் ஆங்கிலத்தில்.

"தேதி சொன்னால்தான் விஷயத்தைச் சொல்ல முடியும், மேடம்."

யார் என்றும் சொல்ல மாட்டாராம், என்ன என்றும் சொல்ல மாட்டாராம், என் பிறந்த தேதி மட்டும் வேண்டுமாம். நம்மிடமா? "முதலில் உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் அப்பா பெயர்" என்றேன். பிறகு இந்த நாள் இனிய நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இந்தக் கதையை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒரு மோசடிக்காரனைத் துரத்திவிட்டதாக அவ்வளவு பெருமை.

அவர் மோசடிக்காரர் இல்லை. நிஜமாகவே கடன் வசூலிக்கும் கம்பெனிக்காரர். அந்தக் கடன் என் பேரில்தான் இருந்தது.

2

சந்தேகம் எனக்கு அப்பா வழிச் சொத்து. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது அவர் வேலை. கப்பல் பக்கம் ஓர் ஆள் எண்ணுவார், கரைப் பக்கம் அப்பா எண்ணுவார். ஷிப்ட் முடிவில் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு ஒத்துப்போனால் வெறும் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் பக்கத்தில் ரிமார்க் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. அந்த ரிமார்க்கை வைத்துத்தான் பின்னால் யார் தலையில் நஷ்டம் விழும் என்று முடிவாகும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். எங்கள் பள்ளிக்கூட மார்க் அட்டையிலேயே "கணக்கில் இன்னும் இரண்டு மார்க் வந்திருக்க வேண்டும்" என்று ரிமார்க் எழுதி அனுப்பிய மனிதர். டீச்சர் என்னைத்தான் முறைப்பார். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்து அம்மா புலம்பிக்கொண்டிருக்கும்போது, அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரிமார்க் எழுதாம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாத. நாளைக்கு உனக்காக அதுதான் பேசும்" என்பார்.

ஒருநாள் உர மூட்டையில் பதினொன்று குறைகிறது என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவர், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்து எழுந்து திரும்ப ஓடினார். குறைந்த மூட்டைகள் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். கப்பல் கிளம்புகிற நேரம். ஏணியில் ஏறிப் போய், தான் எழுதியதைத் தானே அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு வந்தார். "கப்பலு போனா போவட்டுமே, யாருக்கு தெரியப் போவுது?" என்று அம்மா திட்டினாள். "நான் எழுதுனது அங்க நிக்குதே" என்றார் அப்பா. அந்தக் கதையில் எனக்கு நினைவில் நின்றது என்னவோ ரிமார்க் எழுதுகிற பாதிதான்.

3

மார்ச்சில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் தன் மகன் குடிவரப் போவதாகச் சொல்லி, கோடைக்குள் காலி செய்யச் சொன்னார். என் கணவர் அந்தோணிக்கு கிடங்கு வேலையில் முழங்கால் போய்விட்டது. மூன்று மாடி ஏறி வந்தால் அரைமணி நேரம் பேச மாட்டார். இனி வாடகை வேண்டாம், படியே இல்லாத சின்ன வீடாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடி, கண்டும் பிடித்தோம். வாசலில் இருந்து படுக்கையறை வரைக்கும் ஒரே தரை. அந்தோணி அந்த வீட்டுக்குள் முன்னும் பின்னும் நாலு தடவை நடந்துவிட்டு, "பிலோ, இது போதும்" என்றார். கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருடத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டார்.

வங்கிக் கடன் விண்ணப்பத்தைக் கவனித்த பெண்மணியை நான் லோன் அம்மா என்றுதான் சொல்வேன். அவர் என் கிரெடிட் அறிக்கையைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். செல்போன் பாக்கி, அறுநூற்று நாற்பது டாலர், வசூலுக்குப் போயிருக்கிறது, மூன்று வருடத்துக்கு மேல் பழையது. என் ஸ்கோரை அந்த ஒரு வரியே கீழே இழுத்திருந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் இப்போது இந்த ஸ்கோர் தெரியும். வண்டிக் கடன் வாங்கப் போனாலே பார்க்கிறார்கள். ஆனால் இங்கே வாடகை வீடு, போன், சில இடத்தில் வேலைகூட அந்த மூன்று இலக்கத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு நம்பர் போட்டு யாரோ எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிக்காது. என்ன கணக்கு என்று கேட்டால் சூத்திரத்தை முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

"கட்டிவிட்டால் அந்த வரி போய்விடுமா?" என்று கேட்டேன்.

போகாதாம். பாக்கி பூஜ்யம் என்று மாறும், அவ்வளவுதான். புதிய சூத்திரங்கள் கட்டி முடித்த வசூல் கடனைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் வீட்டுக் கடன் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது பழைய சூத்திரம். அதில் கட்டினாலும் உடனே ஏறிவிடாது. பாதி கொடுத்துப் பேசி முடித்தால், முழுசாகக் கட்டவில்லை என்பதும் அதில் ஏறும். எப்படி முடித்தாலும் ஏழு வருடம் அந்த வரி நிற்கும். அந்த ஏழு வருடம் பணம் கட்டிய நாளில் இருந்து தொடங்காது. முதலில் கட்டத் தவறிய நாளில் இருந்து தொடங்கும்.

"கட்டியும் போகாது என்றால் எதற்குக் கட்ட வேண்டும்?" என்றேன்.

"பாக்கி நிற்கும்போது எங்கள் வங்கி கடன் கொடுக்காது" என்றார் லோன் அம்மா.

4

அந்த போன் யாருடையது என்று எனக்கு அறிக்கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிரேஸ்.

கிரேஸின் அப்பா தண்டையார்பேட்டை டோல்கேட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்த குடும்பம், சபைக்குப் போகிறவர்கள், எங்களைப் போல் மாதா கோயில் ஆட்கள் இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கிரேஸும் அவள் கணவரும் எங்கள் பழைய வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஸ்கோர் இல்லை, அவள் பேருக்கு போன் கடையில் தவணை கொடுக்க மாட்டேன் என்றார்கள். நான் என் பேரைக் கொடுத்தேன்.

ராயபுரத்தில் பேர் கொடுப்பது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டு கேஸ் இணைப்பு பக்கத்து வீட்டுக்காரர் பேரில். அவர்கள் வீட்டு மீட்டர் எங்கள் தாத்தா பேரில். ரேஷன் கார்டில் எங்களோடு ஒரு காசிமேட்டு அத்தையும் இருந்தாள். அவள் எந்த முறையில் அத்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் கொடுத்தேன். கிரேஸும் மாதாமாதம் முதல் தேதியில் என் கையில் பணம் கொடுத்துவிடுவாள். கடைக்காரர் வீட்டுப் பெண், ஒரு நாள் தவறாது.

பிறகு அவள் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து அவசரமாகக் கிளம்பினார்கள். நான் காலை ஷிப்டுக்குப் போயிருந்த நேரத்தில் போய்விட்டார்கள். இரண்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள், நான் வருகிறவரைக்கும் இருந்து சொல்லிக்கொண்டு போகவில்லை என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே அப்பாவின் ஆண்டு பூசைக்காக நான் சென்னைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து நாங்களும் வீடு மாறினோம். அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. லைனை அவள் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பில்லெல்லாம் பழைய முகவரிக்குப் போய் யார் வீட்டுக் குப்பையிலோ விழுந்திருக்கிறது.

இதற்காகத்தான் சொல்லாமல் ஓடியிருக்கிறாள் என்று இப்போது எல்லாம் பொருந்தியது. அவளுடைய வாட்ஸ்ஆப் எண்ணை அன்றைக்கே பிளாக் செய்தேன்.

"மா, கிரேஸ் அக்காவ ஒரு தடவ நேரா கேளேன்" என்றாள் என் மகள் மெர்லின். இருபத்தொரு வயது, வேறு ஊரில் படிக்கிறாள். போனில் பேசும்போது அவளுடைய தமிழ் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைகிறது.

"கேட்டா பொய்தான் சொல்லுவா."

"நீ எல்லாரையும் சந்தேகப்படுற மா. ஐ'ம் டயர்ட்."

அவள் யாரிடம் டயர்ட் என்று யோசித்து இரண்டு நாள் அவள் மேலும் சந்தேகப்பட்டேன்.

சார்லஸைக் கூப்பிட்டு, டோல்கேட் கடைக்குப் போய் நோட்டம் பார்க்கச் சொன்னேன். "என் காசுல மாடி கீடி கட்டிக்கிறாங்களான்னு பாரு."

"இன்னாக்கா நீ, அறுநூறு டாலருக்கு மாடி எழும்புமா? போர்டுக்கு பெயின்ட் அடிக்கலாம், அவ்ளோதான்."

"போய் பாருடா."

"போறேன் போறேன். ரோடெல்லாம் நோண்டிப் போட்டுகிறான். வண்டி போவாது."

5

வசூல் கம்பெனியை இந்த முறை நானே கூப்பிட்டேன். லோன் அம்மா கொடுத்த எண்ணையும் நம்பாமல், அறிக்கையில் இருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அதே மரியாதைக் குரல். முந்நூற்று இருபது கொடுத்தால் போதும், இன்றே வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள் என்றார்.

பாதி போதும் என்று கடன் கேட்கிறவனே சொன்னால் என்ன அர்த்தம்? அந்தோணி, "வுடு பிலோ, பாதின்னா நல்லதுதானே" என்றார். நான் விடவில்லை. அப்பா பாதி மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. முழுப் பணத்தையும் கட்டுகிறேன், கட்டினால் பூஜ்யம் என்று பதிவு செய்வதாக முதலில் கடிதம் அனுப்புங்கள், கணக்கு எண்ணெல்லாம் தர மாட்டேன் என்றேன். கடிதம் வந்தது. முத்திரையையும் முகவரியையும் இரண்டு தடவை பார்த்தேன். மணியார்டர் எடுத்து அனுப்பினேன். அதோடு திருப்பி அனுப்பவேண்டிய படிவத்தில் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது.

பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடமும் இருந்தது.

"எதிர்ப்போடு கட்டுகிறேன். இது என் கடன் இல்லை. வேறொருவர் பயன்படுத்திய போன்" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கு அப்பாவே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து லோன் அம்மாவிடம் இருந்து அழைப்பு. பாக்கி பூஜ்யமாகிவிட்டது. ஆனால் அதே வரியில், கடன்பட்டவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு குறிப்பு சேர்ந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததால், சட்டப்படி அவர்கள் அதைச் சேர்த்தாக வேண்டுமாம். தகராறு நிற்கிற கணக்கு இருந்தால் கடன் கோப்பு நகராது. வட்டி விகிதத்தை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் அந்தக் குறிப்பை வாபஸ் வாங்கினால் வீடு. இல்லாவிட்டால் வீட்டை விற்கிறவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார்.

மாட்டேன் என்றேன். பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள், இப்போது என் வாயால் நான்தான் கடன்காரி என்றும் சொல்ல வேண்டுமா? அந்தோணி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே குப்பை கொட்டப் போனார். அவர் இறங்குகிற ஒவ்வொரு படியின் சத்தமும் எனக்குக் கேட்டது. அவர் வேண்டுமென்றேதான் கால் தேய்த்து இறங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

6

புதன்கிழமை சார்லஸ் கடையில் இருந்தே வீடியோவில் கூப்பிட்டான். "அக்கா, அண்ணாச்சி உன்னான்ட பேசணுமாம்" என்று போனைக் கொடுத்துவிட்டான். நோட்டம் பார்க்கப் போனவன், போன வேகத்தில் எல்லாவற்றையும் உளறியிருக்கிறான்.

கிரேஸின் அப்பா முகத்தை போனுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பேசினார். "என்னம்மா சொல்லுதிய? எங்க பிள்ள பணம் வைக்காம போயிட்டாளா?"

"வைக்கல அண்ணாச்சி. என்கிட்ட யாரும் குடுக்கல."

"அறுநூத்தம்பது டாலரு. போனுக்கு மிச்சத் தவணைய முழுசா கட்டி, லைனை மூடிருங்கன்னு சீட்டும் எழுதி வச்சிருக்கா. உங்க வீட்ல மாதா படத்துக்குக் கீழ ஒரு உண்டியல் டப்பா இருக்குமாமே. வீட்ல யாரும் இல்ல, மேசையில வைக்க மனசு வரல, அதுலதான் போட்டேன்னு அன்னிக்கே எங்கிட்டச் சொன்னா."

நான் திரையை முகத்துக்கு அருகே இழுத்தேன்.

"உண்டியல்லயா?"

"ஆமாம்மா. மாசக் கடைசியில தொறந்து எண்ணும்போது கிடைச்சிரும்லா?"

அவர் போனைத் திருப்பி, கடையில் தராசுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியைக் காட்டினார். சின்னப் பூட்டு. மாதம் முடிந்தால் திறந்து, எண்ணி, சபைக்கு உள்ளதைப் பிரித்து எடுத்துக் குறித்துவைப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு உண்டியல் என்றால் மாதா மாதம் திறக்கிற பெட்டி.

எங்கள் உண்டியல் ஒரு பால் பவுடர் டப்பா. அந்தோணி மூடியில் கீறல் போட்டு, சுற்றி ஈயம் வைத்து அடைத்தது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போட்ட காசு. எங்கள் ஆட்கள் அதைத் திறக்க மாட்டார்கள், எண்ண மாட்டார்கள். எண்ணினால் நேர்த்தி போச்சு. டப்பாவோடு கோயிலில் கொடுத்துவிட வேண்டும். அப்பாவின் பூசைக்குப் போன அந்தத் தடவை நான் அதைத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். பூசை முடிந்து சார்லஸோடு வேளாங்கண்ணிக்குப் போய், காணிக்கை வாங்குகிற இடத்தில் டப்பாவோடு கொடுத்தேன். எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான் வாழ்க்கையில் கைமாற்றிவிட்ட ஒரே பணம் அது.

கிரேஸ் சொல்லிக்கொள்ளாமல் போகவில்லை. சீட்டில் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். சீட்டை நான் மாதாவிடம் கொடுத்துவிட்டேன்.

7

வியாழக்கிழமை காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மேசையில் உட்கார்ந்து எழுதினேன். "இந்தக் கடன் என்னுடையது. கட்டவேண்டிய பணம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான்தான் கட்டவில்லை. முன்பு எழுதிய குறிப்பு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்." படிவத்தின் நகலில் என் ரிமார்க்கை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். லோன் அம்மா படித்துவிட்டு, இவ்வளவெல்லாம் தேவையில்லையே, முதல் வரி போதுமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

கோப்பு நகர்ந்தது. ஸ்கோர் ஏறவில்லை. அதனால் வட்டி கால் சதவீதம் கூடுதல்தான். ஜூனில் குடிவந்தோம். அந்தோணி படுக்கையறையில் இருந்து வாசலுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கிறார், தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

கடிதம் எழுதிய அன்று மத்தியானமே கிரேஸின் வாட்ஸ்ஆப் எண்ணைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள். நான் டப்பா கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் ஒரு குழந்தை ஏதோ வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

"யாரது? பக்கத்து வூட்டுக் கொழந்தையா?"

"எம் பொண்ணுக்கா. மூணு வயசு ஆவப் போவுது."

அவள் கிளம்பிப் போன வருடம் பிறந்த குழந்தை.

"நீங்க சீட்டப் பாக்கவே இல்லியா அக்கா?"

"இல்லடி. இப்பதான சொன்னேன். இன்னா எழுதியிருந்த?"

"போன் காசு பத்தி எழுதியிருந்தேன்" என்றாள். "அதுக்கு அப்புறம், மாசமா இருக்கேன், இன்னும் யாருகிட்டயும் சொல்லல, அம்மாவுக்கு விசா கிடைக்காது, பிரசவத்துக்கு நீங்க ஒரு பத்து நாள் வந்து கூட இருப்பீங்களான்னு கேட்டிருந்தேன். பதில் வரல. வர இஷ்டம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

மன்னிச்சுக்கோடி என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. "பரவால்லக்கா, அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாள். கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற வாடிக்கைக்காரரிடம் அண்ணாச்சி சொல்கிற அதே பரவாயில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வரும். நான் குறை சொல்ல மாட்டேன். என் அறிக்கையில் அந்த வரி அழிய இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அவள் எதில் இருந்து எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்ட நாளில் இருந்து இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் இருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு ஒரு பத்து நாள் வந்து இருக்கட்டுமா என்று கேட்டு எழுதினேன். அவள் பார்த்துவிட்டாள், இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. இன்றைக்கு வியாழக்கிழமை.